தோற்ற ஆட்டத்தைக் கொண்டு வாருங்கள்

தஞ்சாவூரில் 27 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்து வரும் பயிற்சியாளர், பெரிய இலக்குகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

"குரூப் 2 முதல்நிலைத் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் கட் ஆஃபுக்குக் கீழேதான். வயது 27. அப்பா ஒரு வார்த்தை சொல்வதில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சுகளைக் கேட்டால் இரண்டு நாள் வேகம் வருகிறது, மூன்றாம் நாள் அடங்கிவிடுகிறது. மனநிலையை எப்படி மாற்றிக்கொள்வது மேடம்?"
வாசகர், அரியலூர்

தம்பி, மனநிலையை அப்புறம் பார்ப்போம். கடைசியாக எழுதிய தேர்வின் கேள்வித்தாள் இப்போது எங்கே இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

என்னிடம் புதிதாக வரும் பிள்ளைகளையும் இதைத்தான் கேட்பேன். செஸ் போட்டியில் ஒவ்வொரு மூவையும் ஆடுகிறவரே தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும், அது விதி. ஸ்கோர் ஷீட் என்போம். ஜெயித்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை எல்லாப் பிள்ளைகளும் மடிப்புக் கலையாமல் கொண்டு வந்து நீட்டும். தோற்ற ஆட்டத்தின் தாளைக் கேட்டால் "எங்கயோ விழுந்துடுச்சு மிஸ்" என்று பதில் வரும். பஸ்ஸிலேயே கசக்கி எறிந்திருப்பார்கள். அதனால் நான் ஜெயித்த தாளை வாங்குவதே இல்லை. தோற்றதைக் கொடு, காய்களை அடுக்கு, முதல் மூவிலிருந்து ஆடிக் காட்டு, எந்த இடத்தில் என்ன நினைத்தாய் என்று சொல்லு என்பேன்.

முதல் பத்து மூவ் வரை பிள்ளை தலையைத் தூக்காது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வேகமாகும். திடீரென்று ஓர் இடத்தில் நின்றுவிடும். "இங்க அவன் குதிரை இருக்கிறதை நான் பாக்கவே இல்ல மிஸ்." அந்த நொடிக்காகத்தான் நான் காத்திருப்பேன். 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று உள்ளே வந்த பிள்ளை, '23-ஆவது மூவில் குதிரையைக் கவனிக்கவில்லை' என்று வெளியே போகும். முன்னதற்கு என்னிடம் மருந்து கிடையாது. பின்னதற்கு உண்டு, ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். நீங்கள் மனநிலை என்று கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மேடைப் பேச்சு ஏன் மூன்றாம் நாள் அடங்குகிறது என்றால், அது உங்களைப் பார்த்து மொத்தமாகப் பேசுகிறது. நீங்கள் மொத்தமாகத் தோற்கவில்லையே. 200 கேள்விகளில் குறிப்பிட்ட சில இடங்களில்தான் தோற்றீர்கள். அந்த இடங்கள் எவை என்று பேச்சாளருக்குத் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியாது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. எத்தனை முறை தோற்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், வயதை எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பகுதியில் விட்டீர்கள் என்று ஒரு வரி இல்லை.

கேள்வித்தாளை எடுங்கள். விடைக்குறிப்பைத் தேர்வாணையமே வெளியிடுகிறது. தவறாகப் போன ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் தவறியது என்று எழுதுங்கள். அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லையா? படித்தும் மறந்ததா? தெரிந்த விடைதான், 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது எது' என்று அவசரத்தில் படித்துவிட்டீர்களா? முதலில் போட நினைத்தது சரியாக இருந்தும் கடைசி நேரத்தில் மாற்றினீர்களா? ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் கொடுத்திருக்கிறார்களே, அதை எத்தனை இடத்தில் நிரப்பினீர்கள் என்பதையும் எண்ணுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி இப்படி உட்கார்ந்து பார்த்தாள். வரலாற்றில் தான் பலவீனம் என்று நம்பி ஒரு வருடம் முழுக்க வரலாறு படித்தவள் அவள். தாளைப் பிரித்துப் பார்த்தபோது வரலாறு நன்றாகவே இருந்தது. திறனறிவும் கணக்கும் சேர்ந்த 25 கேள்விகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, மணி அடிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் குத்துமதிப்பாகப் போட்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு வரும், நேரம்தான் போதவில்லை. அடுத்த தேர்வில் கணக்கை முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாள், தேறினாள். ஒரு வருடப் பழியை வரலாற்றுப் புத்தகம் சுமந்தது.

மூன்று முறை என்று எழுதியிருந்தீர்கள். 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டி நடந்தபோது நம் வைஷாலி அடுத்தடுத்து நான்கு ஆட்டம் தோற்றார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் மேடை. பட்டியலில் அடியில் இருந்தார். அந்த நான்கு ராத்திரியும் எங்கள் வகுப்பில் பிள்ளைகள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து, இரண்டாம் இடத்துக்குச் சமமான புள்ளிகளோடு முடித்தார். பதினைந்து நாளுக்குள் ஒருவருடைய திறமை மாறிவிடாது தம்பி. தோற்ற நாளிலும் அந்த ஐந்து வெற்றிக்கான ஆட்டம் அவரிடம் இருந்தது.

பிரித்து எழுதிய தாளை அப்பாவிடம் காட்டுங்கள். அவர் பேசாமல் இருப்பது என்ன பேசுவது என்று தெரியாமலும் இருக்கலாம். கையில் ஒரு தாள் இருந்தால் அவருக்கும் கேட்க ஏதாவது கிடைக்கும்.

"என் மகனுக்கு ஒன்பது வயது. செஸ்ஸில் நல்ல ஆர்வம். கிராண்ட்மாஸ்டர் ஆக்க வேண்டும் என்று நானும் அவன் அப்பாவும் ஆசைப்படுகிறோம். ஆனால் தோற்றால் தரையில் புரண்டு அழுகிறான். பெரிய இலக்கு வைப்பது தவறா?"
வாசகி, திருப்பூர்

இலக்கு பெரிதாக இருப்பதில் தவறில்லை அம்மா. யாருடைய இலக்கு என்பதுதான் கேள்வி. 'ஆக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் 'ஆக வேண்டும்' என்று சொல்கிறானா?

நான் ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டி நடக்கும் கல்யாண மண்டபங்களில் கழிப்பவள். உள்ளே பிள்ளைகள் ஆடும், வெளியே பெற்றோர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பார்கள். கதவு திறந்து பிள்ளை வெளியே வந்ததும் பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது ஒன்றுதான்: "ஜெயிச்சியா?" பிள்ளை பதில் சொல்வதற்குள் அதன் கண் அம்மாவின் முகத்துக்குப் போய்விடும். தரையில் புரளும் அழுகை பாதி அங்கே தொடங்குவது. உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் என் மகனிடம் இரண்டு வருடம் அப்படித்தான் கேட்டேன். இனிமேல் "எந்த இடத்துல ரொம்ப நேரம் யோசிச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் முழிப்பான். மூன்றாவது போட்டியில் நீங்கள் கேட்பதற்கு முன்னால் அவனே சொல்லுவான்.

விஸ்வநாதன் ஆனந்தின் அம்மா சுசீலா செய்ததை என் வகுப்புத் தாய்மார்களிடம் அடிக்கடி சொல்வேன். ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது அங்கே டிவியில் மதியத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயந்தரம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு புத்தகம். வாரா வாரம் இவர்களே ஜெயித்ததால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். அந்த மதிய நேரத்தில் அந்த அம்மா உலகச் சாம்பியனை உருவாக்குவதாக நினைத்துக்கொண்டு எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பையன் வந்ததும் சேர்ந்து போடலாம் என்று எழுதியிருப்பார்.

பின்னால் உலகச் சாம்பியனான குகேஷின் அப்பா தன் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார் என்று படித்திருப்பீர்கள். அதைப் பார்த்து வேலையை விட நினைக்காதீர்கள். வேலையை விட்ட குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீட்டு வாடகை முழுவதும் ஒன்பது வயதுப் பிள்ளையின் ரேட்டிங்கில் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பாரத்தோடு எந்தக் குழந்தையும் நல்ல மூவ் கண்டுபிடிக்காது.

அழுகையைப் பற்றி ஒன்று. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஆறு பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போனேன். குகேஷுக்கு அப்போது 16 வயது. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்திருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தைத் தோற்றார். தங்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அணிக்கு வெண்கலம்தான் கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பொடியன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரும் தோப்பாரா மிஸ்?" என்று கேட்டான். தோற்பார் என்றேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பையன் அழுவதை நான் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் அதே குகேஷ் முதல் பலகையில் ஆடி இந்தியா தங்கம் வாங்கிய அன்று, எனக்கு முதலில் போன் செய்தவனும் அவன்தான்.

உங்கள் மகனை ஒரு முறை பெரிய போட்டிக்குக் கூட்டிப் போங்கள், ஆட இல்லை, பார்க்க. பெரியவர்கள் தோற்ற பிறகு எதிராளியோடு உட்கார்ந்து அதே ஆட்டத்தை மறுபடி அடுக்கிப் பேசுவார்கள். அதை அவன் பார்க்க வேண்டும்.

"சாதித்தவர்கள் எல்லோரும் காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார்களாம். என்னால் முடியவே இல்லை. எனக்குச் சாதிக்கும் தகுதி இல்லையா?"
வாசகர், வேலூர்

பெரிய செஸ் போட்டிகளில் ஆட்டங்கள் பெரும்பாலும் மதியத்தில்தான் தொடங்கும். அந்த நேரத்தில் மூளை தெளிவாக இருக்கும்படி தூங்கி எழுந்தால் போதும் என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன். உங்கள் வேலை எந்த நேரத்தில் உங்களிடம் அதிகம் கேட்கிறதோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏழு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

"பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்து வருடத்தில் சிறுதானிய நொறுக்குத்தீனி கம்பெனி தொடங்கி நூறு பேருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது கனவு. தினமும் காலையில் கண்ணை மூடி, வெற்றி பெற்றுவிட்டதாகக் கற்பனை செய்து, 'என்னால் முடியும்' என்று 21 முறை சொல்கிறேன். இது உதவுமா?"
வாசகர், பொள்ளாச்சி

கண்ணை மூடிக் கற்பனை செய்வது எங்கள் தொழிலே தம்பி. பலகையைப் பார்க்காமல் ஐந்தாறு மூவ் தள்ளி நிலை எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதைத்தான் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தொடக்கத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே தப்பைச் செய்யும். "நான் குதிரையை இங்க வைப்பேன் மிஸ், அவன் சிப்பாயைத் தள்ளுவான், நான் ராணியைப் புடிச்சிடுவேன்." அவன் ஏன் சிப்பாயைத் தள்ள வேண்டும் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பிள்ளையின் கற்பனையில் எதிராளி அதற்கு வசதியாக ஆடிக்கொடுக்கிறான். கணக்கு என்பது தன் மூவைக் கற்பனை செய்வதோடு முடிவதில்லை. எதிரே இருப்பவன் ஆடக்கூடிய மூவ்களிலேயே நமக்கு மோசமான மூவ் எது என்று தேடுவதில்தான் தொடங்குகிறது.

உங்கள் காலைக் கற்பனையில் எதிராளி இருக்கிறானா? கடைக்காரர் சரக்கை வாங்கிக்கொண்டு 60 நாள் கடன் சொல்லுவார். ஐப்பசி மழையில் பாக்கெட்டுக்குள் நமுத்துப்போகும். கம்பு விலை ஏறும், நீங்கள் அச்சடித்த விலை ஏறாது. கூட்டாளிக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும். இதையெல்லாம் பயந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து, 'அவன் இதை ஆடினால் நான் எதை ஆடுவேன்' என்று பக்கத்தில் எழுதுங்கள். சிலவற்றுக்கு உடனே பதில் வரும். சிலவற்றுக்கு வராது. பதில் வராத வரிகள்தான் உங்கள் அடுத்த ஆறு மாதத்துப் பாடத்திட்டம். அதைப் படிக்கப் பொள்ளாச்சி சந்தையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விடுமுறையில் ஒரு மாதம் யாராவது ஒரு பலகாரக் கடைக்காரரிடம் வேலைக்குப் போங்கள்.

21 முறை சொல்வதை நிறுத்த வேண்டாம். அது சந்தோஷமாக நாளைத் தொடங்க வைக்கிறது என்றால் நல்லதுதான்.

"எனக்கு 42 வயது. கல்யாணத்துக்காக எம்.எஸ்ஸி. கணிதத்தைப் பாதியில் விட்டேன். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். படிப்பை முடித்து ஆராய்ச்சி வரை போக ஆசை. 'இந்த வயதில் எதற்கு' என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொள்கிறேன்."
வாசகி, நாகர்கோவில்

தங்கச்சி, இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன்.

1987-இல் எனக்கு 19 வயது. ஆனந்த் உலக ஜூனியர் பட்டம் ஜெயித்த வருடம், தமிழ்நாட்டில் செஸ் ஆடிய ஒவ்வொருவருக்கும் தலை நிமிர்ந்திருந்த வருடம். மாநில மகளிர் போட்டியில் கடைசிச் சுற்றில் டிரா செய்தாலே தேசியப் போட்டிக்குப் போயிருப்பேன். தோற்றேன். ஸ்கோர் ஷீட்டை மண்டப வாசலிலேயே கிழித்துப் போட்டேன். எனக்கு அவ்வளவுதான் திறமை என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் கல்யாணம். பலகை பரணுக்குப் போனது. 10 வருடம் கீழே இறங்கவில்லை.

1998-இல் என் மகன் அதைக் கண்டுபிடித்து எடுத்து வந்தான். எட்டு வயது. "நீ ஆடுவியாம்மா? ஏன் விட்ட?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு அந்தக் கடைசி ஆட்டத்தை அடுக்கிப் பார்த்தேன். தாள் இல்லை, ஆனால் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. 31-ஆவது மூவ் வரை வந்துவிட்டேன். அங்கே யானையைத் தவறாக நகர்த்தியிருக்கிறேன். பக்கத்துக் கட்டத்தில் வைத்திருந்தால் டிரா நிச்சயம். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அப்போது என் கடிகாரத்தில் இருபது நிமிடம் மீதி இருந்தது. எதிராளி வேகமாக ஆடினார் என்று நானும் வேகமாக ஆடியிருக்கிறேன்.

இருபது நிமிடத்தைச் செலவழிக்காமல் விட்டதற்கு 'திறமையில்லாதவள்' என்று பெயர் வைத்துக்கொண்டு 11 வருடம் இருந்திருக்கிறேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். அடுத்த வாரமே மகனுக்கும் தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் திண்ணையில் வகுப்பு தொடங்கினேன். தோற்ற தாளைக் கேட்கும் பழக்கம் அந்த ராத்திரியிலிருந்து வந்தது.

அதனால் உங்களைக் கேட்கிறேன். 'கல்யாணத்துக்காக விட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும்தானா? ஏதாவது ஒரு பேப்பர் கஷ்டமாக இருந்ததா? யாராவது ஏதாவது சொன்னார்களா? எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். அந்தப் பழைய நோட்டை எடுத்து, எந்தப் பக்கத்தில் நின்றதோ அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரியல் அனாலிசிஸோ அல்ஜீப்ராவோ, எதுவாக இருந்தாலும்.

வயதைப் பற்றி: கோனேரு ஹம்பி குழந்தை பெறுவதற்காக இரண்டு வருடம் ஆட்டத்தை நிறுத்தியவர். திரும்பி வந்து 2019-இல் மாஸ்கோவில் உலக ரேபிட், அதாவது வேக ஆட்டச் சாம்பியன் ஆனார். ஐந்து வருடம் கழித்து 2024 டிசம்பரில் நியூயார்க்கில் 37 வயதில் மறுபடி அதே பட்டம், அதுவும் முதல் சுற்றிலேயே தோற்ற பிறகு. ஆனந்த் 2013-இல் சொந்த ஊரான சென்னையில் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தபோது, இனி ஓய்வுதான் என்று பலரும் பேசினார்கள். நான்கே மாதத்தில், 44 வயதில், கேண்டிடேட்ஸை ஜெயித்து அதே கார்ல்சன் எதிரில் போய் உட்கார்ந்தார். அந்த முறையும் தோற்றார். 2017-இல், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை எடுத்தார். செஸ் இளம் வயதுக்காரர்களின் ஆட்டமாகிவிட்ட காலத்தில் இதெல்லாம் நடந்தது. கணிதம் உங்களிடம் அவ்வளவு வேகம் கேட்காது. ஒரு கேள்வியோடு நாள்கணக்கில் இருக்கும் பொறுமையைக் கேட்கும். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவருக்கு அது 22 வயதில் இருந்ததைவிட இப்போது அதிகமாக இருக்கும்.

"இலக்கை வெளியே சொல்லலாமா, கூடாதா? நான் சொன்னதும் உறவினர்கள் சிரித்துவிட்டார்கள்."
வாசகர், காரைக்குடி

குகேஷ் 11 வயதில், இன்னும் கிராண்ட்மாஸ்டர்கூட ஆகாத நேரத்தில், மிக இளைய உலகச் சாம்பியன் ஆக வேண்டும் என்று கேமரா முன்னால் சொன்னார். மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனையே 2019 ஜனவரியில் 17 நாள் வித்தியாசத்தில் அவருக்குத் தவறியது. சிரித்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனால் அவர் பக்கத்தில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் இருந்தார். எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் எஞ்சினைத் தட்டி விடை பார்க்கும் காலத்தில், பல வருடம் எஞ்சினே இல்லாமல் சொந்தமாக யோசிக்க வைத்தவர் அவர்.

நீங்கள் சொன்ன இடம்தான் தவறு. விசேஷ வீட்டுப் பந்தியில் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள், அவர்களுக்கு அதில் செய்ய வேலை எதுவும் இல்லை. கேட்டதும் 'சரி, இந்த வாரம் என்ன செய்தாய்?' என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். அடுத்த வாரமும் கேட்பாரா என்று பாருங்கள். அப்படி ஒரு ஆள் போதும்.

"ஒன்பது வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். வயது 33. சொந்தப் படம் இன்னும் அமையவில்லை. விடாமுயற்சி என்கிறார்கள். எந்தக் கட்டத்தில் விட்டுவிட வேண்டும் என்று யாருமே சொல்வதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்."
வாசகர், வடபழனி, சென்னை

சொல்கிறேன் தம்பி. விடுவது எங்கள் ஆட்டத்தில் விதிப்படி உள்ள விஷயம். கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் என் வகுப்பில் சின்னப் பிள்ளைகள் கை கொடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அவர்களுக்கு நிலையைப் படிக்கத் தெரியாது. மனம் சோர்ந்த நேரத்தை ஆட்டம் முடிந்த நேரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷுக்கும் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரனுக்கும் பட்டத்துக்கான போட்டியின் 14-ஆவது ஆட்டம், இருவருக்கும் ஆறரைப் புள்ளிகள். குகேஷ் அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர். 11-ஆவதை ஜெயித்து முந்தி, 12-ஆவதை மறுபடி தோற்றவர். கடைசி ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். டிராதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் டிரா கேட்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது மூவில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 58-ஆவது மூவில் ஆட்டம் முடிந்தது. 18 வயதில் உலகச் சாம்பியன். நான் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

இதைச் சொல்லி, நீங்களும் ஆடிக்கொண்டே இருங்கள் என்று முடித்துவிட்டால் அது நியாயமான பதில் ஆகாது. 14 வருடம் ஆடி, போட்டி ஆட்டம் போதும் என்று நானே சொல்லி அனுப்பிய பிள்ளைகளும் உண்டு. எப்படி முடிவு செய்தேன் என்றால், அவர்கள் தோற்ற தாள்களை வருட வாரியாக அடுக்குவேன். 2015-இல் ஒரு தப்பு, 2017-இல் வேறொரு தப்பு, 2019-இல் அதைவிட நுணுக்கமான வேறொன்று என்று போனால், அந்தப் பிள்ளை எத்தனை ஆட்டம் தோற்றாலும் வளர்கிறது, விடக் கூடாது. ஐந்து வருடமாக ஒரே தப்பு, ஒரே இடம், சொன்னால் கேட்டுக்கொண்டு மறுபடி அதே இடம் என்றால், அந்தப் பிள்ளை இங்கே வருவது ஆட்டத்துக்காக அல்ல. பெரும்பாலும் அதற்கே அது தெரிந்திருக்கும், யாராவது வாய்விட்டுச் சொல்லக் காத்திருக்கும். அப்படி அனுப்பிய ஒருவன் இப்போது நல்ல நடுவராக இருக்கிறான், போட்டிகளில் என்னைப் பார்த்தால் முதலில் டீ வாங்கி வருவான்.

படம் அமைவது உங்கள் கையில் மட்டும் இல்லை, அதை வைத்து உங்களை அளக்காதீர்கள். எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் எத்தனை திரைக்கதை எழுதி முடித்தீர்கள்? கடிதத்தில் அதைக் குறிப்பிடவில்லை. எல்லாவற்றையும் தேடி எடுத்து, தேதி வாரியாகத் தரையில் அடுக்குங்கள். தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்று சொன்ன கதைகளைத்தான் முக்கியமாக. முதல் கதையையும் கடைசிக் கதையையும் ஒரே நாளில், பக்கத்தில் யாரும் இல்லாமல், போனை அணைத்துவிட்டுப் படியுங்கள். படித்து முடித்தபோது என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள்.